கிணற்றடியில் ஒரு மார்கழி நாள்

கம்பரைப் பற்றி வழங்கும் கதைகளில் எனக்கு மிகவும் உவப்பானது ஏற்றக்காரர் கதை. மாலை மங்கும் வேளையில் வழிநடையாகச் சென்றுகொண்டிருந்த கம்பர், ஏற்றம் இறைக்கும் ஒருவர் பாடுவதைக் கேட்டு நிற்கிறார். மூங்கில் இலையில் துயிலும் பனித்துளியைப் பற்றி ஓர் அடி பாடிய அம்மனிதர், இருட்டிவிட்டதால் இறைப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். அடுத்த அடி என்னவாக இருக்கும் என்று இரவெல்லாம் எண்ணிப் பார்த்தும் கம்பருக்குப் பிடிபடவில்லை. விடியற்காலையில் மறுபடியும் கிணற்றடிக்கு வந்து காத்திருக்கிறார். கதிரவன் வந்து அத்துளியை எடுத்துக்கொள்வதாகப் பாட்டு தொடர்கிறது. கவிச்சக்கரவர்த்தி வியந்து தலைவணங்கினார் என்று கதை முடிகிறது.

இது நடந்ததா, எந்த ஊரில் நடந்தது என்றெல்லாம் ஆராய்வது வீண். ஆனால் கம்பரை ஆதரித்த சடையப்ப வள்ளலின் திருவெண்ணெய்நல்லூர் இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் இருப்பதால், எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இக்கதையைச் சொந்த ஊர்ச் சேதி போலவே சொல்வார்கள். உழவைப் பாடும் ஏரெழுபதையும் மரபு கம்பர் பெயரிலேயே வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்வார்கள்.

கதையைச் சொல்பவர்கள் எல்லாரும் கம்பரோடு போய்விடுகிறார்கள். கிணற்றடியில் நின்றவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அவர் ஏன் பாடினார்? இருட்டியதும் ஏன் நிறுத்தினார்? பனி பெய்யும் பருவம் என்றால் மார்கழியோ தையோ ஆக வேண்டும். சம்பா நெல் கதிர் முற்றி அறுவடைக்கு நிற்கும் காலம் அது. நெல்லுக்கு நீர் வடிக்கும் பருவத்தில் அவர் எதற்காக இறைத்துக்கொண்டிருந்தார்? கத்தரிக்கும் அவரைக்கும் மிளகாய்க்கும் கீரைக்குமாக, தோட்டக்காலுக்குத்தான் இறைத்திருப்பார் என்பது என் ஊகம். அந்தக் கிணறு அவருடையதா என்பது இன்னும் பெரிய கேள்வி. அதற்குப் பின்னால் வருகிறேன்.

திண்டிவனத்திலிருந்து மயிலம் செல்லும் வழியில் என் தாயாரின் சிற்றன்னைக்கு ஒரு தோட்டம் இருக்கிறது. எழுபதைக் கடந்த அவரைச் சின்னாயா என்று அழைப்போம். திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு, என்பதே திண்டிவனம் ஆயிற்று என்பார்கள். பெயருக்கேற்ப அந்தத் தோட்டத்தின் மூலையிலும் ஒரு புளியமரம் நிற்கிறது. அதற்கப்பால் பாறையை உடைத்து வெட்டிய அகன்ற கிணறு. மார்கழியில் ஒரு நாள் முழுவதும் அங்கே இருந்து, வேலை எந்த வரிசையில் நடக்கிறது என்று பார்த்தேன். நூலகத்தில் கிடைக்காத சில செய்திகள் அன்று கிடைத்தன.

விடிவதற்கு முன்பே முதல் வேலை தொடங்கிவிடுகிறது. அது காய் பறிப்பதன்று, பூப் பறிப்பது. மார்கழி மாதம் வாசல் கோலத்தின் நடுவே சாணப் பிள்ளையார் மேல் செருகும் பரங்கிப்பூவுக்காகத் தெருவுக்குத் தெரு சிறுமிகள் காத்திருப்பார்கள். “பூவ மொதல்ல பறிச்சிடு தம்பி. காயி நிக்கும், பூ நிக்காது” என்றார் சின்னாயா. காம்பின் அடியில் பிஞ்சு தாங்கிய பெண்பூவை அவர் கை தொடவேயில்லை. வெறுங்காம்பில் நிற்கும் ஆண்பூக்களை மட்டுமே பறித்தார். மகரந்தத்துக்குச் சிலவற்றை விட்டுவைத்தால் போதும், மற்றவை எப்படியும் பகலில் வாடிவிடும். ஒரு சடங்கு விளைச்சலைக் குறைக்காமல் இத்தனை காலம் நீடித்திருப்பதன் காரணம் அந்த விரல்களில் இருக்கிறது.

அடுத்து சாம்பல். அவரைக்கொடியில் அசுவினி அடைந்த கொழுந்துகளின் மேல் அடுப்புச் சாம்பலைத் தூவ வேண்டும். பனி ஈரம் இருக்கும்போது தூவினால்தான் சாம்பல் இலையில் ஒட்டும், வெயில் ஏறினால் காற்றோடு போய்விடும். ஆனால் ஈரமாக இருக்கும் கொடியில் காய் பறிக்கக் கூடாது. நனைந்த இலையைக் கையால் அளைந்தால் நோய் ஒரு செடியிலிருந்து மறு செடிக்குப் போய்விடும். ஆகவே சாம்பல் முடிந்ததும் கத்தரிக்குப் போகிறார்கள், பனி உலர்ந்த பிறகே அவரைக்கு வருகிறார்கள். கதிரவன் பனித்துளியை எடுத்துக்கொள்ளும் நேரம் கவிஞருக்கு ஓர் உவமை, தோட்டத்தில் அது வேலை மாறும் மணியடிப்பு.

அதன்பின் தண்ணீர் கட்டுதல். இன்று அது ஒரு பொத்தானை அழுத்துவது. சின்னாயாவின் இளமையில் அதுதான் நாளின் முழு உடல். மற்ற வேலைகள் எல்லாம் அதன் இடுக்குகளில் நடந்தவை.

தென்னார்க்காட்டில் ஏற்றமும் இருந்தது, கவலையும் இருந்தது. ஏற்றத்தில் மேலே துலாவின் மீது ஓர் ஆளோ இருவரோ முன்னும் பின்னும் நடப்பார்கள். கீழே ஒருவர் சாலைப் பிடித்து முகந்து கவிழ்ப்பார். வழுக்கினால் கிணறுதான். எத்தனை சால் இறைத்தோம் என்று கணக்கு வைக்கவும், மேலிருப்பவர் நடையும் கீழிருப்பவர் கையும் ஒன்றிப் போகவும் பாட்டு வேண்டியிருந்தது. ஏற்றப்பாட்டில் எண்கள் வருவது இதனால்தான். அது ஓய்வுப் பாட்டன்று, எண்ணிக்கைக் கருவி. கம்பர் கேட்டது ஒரு கணக்கேட்டின் நடுப்பக்கம் என்றுகூடச் சொல்லலாம்.

கவலையில் ஆளுக்குப் பதில் மாடு. சரிவான பாதையில் இரண்டு எருதுகள் இறங்க, உருளையில் ஓடும் வடம் சாலை மேலே இழுக்கும். சாலின் அடியில் தைத்த தோல் தும்பியை வால்கயிறு மடக்கிப் பிடித்திருக்கும். கிணற்று மேட்டை எட்டியதும் வால்கயிறு தளர, நீர் தொட்டியில் கொட்டும். பிறகு மாடுகள் பின்னோக்கி நடந்து மேடேற வேண்டும். ஓட்டுபவர் இறங்கும்போது வடத்தின் மீது ஏறி உட்கார்ந்து தம் எடையையும் கொடுப்பார்.

இங்கே ஒரு சிறு கணக்குப் பார்ப்பது நல்லது. ஒரு ஜோடி மாடு ஒரு பகலில் நனைக்கக்கூடிய நிலம் ஏறத்தாழ அரை ஏக்கர். காய்கறிப் பாத்திக்குப் பனிக்காலத்தில் நான்கைந்து நாளுக்கு ஒரு முறை நீர் விட்டால் போதும். ஆக ஒரு ஜோடி மாடு காப்பாற்றக்கூடிய தோட்டம் சுமார் இரண்டு ஏக்கர், எங்கள் பக்கத்து அளவில் ஒன்றரைக் காணி. சித்திரையில் வெயில் கூடும், நீர் மட்டம் இறங்கும், வடம் நீளும். அதே மாடு அதில் பாதியைக்கூடத் தாங்காது. வடகிழக்குப் பருவமழை நின்று, கிணறு நிறைந்து, வடம் குட்டையாக இருக்கும் மார்கழியும் தையும்தான் தோட்டத்தின் பொற்காலம். பொங்கல் படையலில் பூசணி, பரங்கி, மொச்சை, அவரை, வள்ளிக்கிழங்கு என்று காய்கள் குவிவதற்குப் பக்தி மட்டும் காரணமல்ல. அப்போதுதான் அவை மலிவாக விளைந்தன.

இந்த இரண்டு ஏக்கர்த் தோட்டத்தை அரசும் சும்மா விடவில்லை. கம்பெனியாரின் வருவாய்க் கணக்கில் நஞ்சை, புஞ்சை ஆகியவற்றோடு பாகாயத்து என்று ஒரு வகை உண்டு. தோட்டம் என்னும் பொருளுடைய பாரசீகச் சொல்லின் வழி வந்தது. குடியானவர் தம் கைப்பணத்தில் கிணறு வெட்டிப் புஞ்சையைத் தோட்டமாக்கினால் தீர்வை ஏறும் என்ற நிலை 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இருந்தது. உழைப்புக்கு அபராதம் விதித்தது போன்ற இந்த முறை பின்னர்தான் தளர்ந்தது. 1876-78 தாது வருடப் பஞ்சம் ஊர்களைக் காலிசெய்த பிறகு, கிணறு வெட்டக் கடன் கொடுக்கலாம் என்ற எண்ணம் அரசுக்கு உறைத்தது. 1883-இல் நில மேம்பாட்டுக் கடன் சட்டம் வந்தது. கடன் வாங்க நிலம் வேண்டும், நிலத்துக்குப் பட்டா வேண்டும். பட்டா இல்லாதவருக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை.

இதே காலத்தில் புஞ்சை முழுவதையும் வேர்க்கடலை பிடித்துக்கொண்டது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தக் கொட்டையைப் புதுச்சேரித் துறைமுகம் வழியாக பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகள் வாங்கின. விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே 1879-இல் ரயில் வந்ததும் வணிகம் இன்னும் பெருகியது. திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1940-இல் வெளிவந்த டி.எம்.வி. 2 என்ற ரகம் இந்தியாவெங்கும் பரவியது. அந்த எழுத்துகள் குறிப்பது திண்டிவனத்தைத்தான். கடலை காசு தந்தது, கிணற்றடித் தோட்டம் கறிகாய் தந்தது. முன்னதற்கு ஆராய்ச்சி நிலையமும் ஏற்றுமதிக் கணக்கும் உண்டு. பின்னதைப் பற்றி எழுதி வைத்தவர் குறைவு.

இறைப்புக் கருவிக்கு வருவோம். அதைப் பொருட்படுத்திய அதிகாரி ஒருவர் இருந்தார். சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஆல்ஃப்ரெட் சாட்டர்ட்டன். அலுமினியப் பாத்திரத்தை நம் அடுக்களைக்குக் கொண்டுவந்தவர் என்று அவரைச் சிலர் அறிந்திருக்கலாம். 1903-ஐ ஒட்டி அவர் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகளைத் தொடங்கியதற்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று கவலைச் சால். நாட்டுமுறையில் பதனிட்ட தோல் ஓயாமல் நீரில் நனைந்து விரைவில் இற்றுப்போகும், குரோம் தோல் நீரைத் தாங்கும். தோல் தொழிலின் நவீன வரலாற்றில் தென்னாட்டுக் கிணற்றடிக்கும் ஒரு பங்கு உண்டு என்பது பலருக்குப் புதிதாக இருக்கலாம். அதே சாட்டர்ட்டன் எண்ணெய் எஞ்சினையும் சுழல் விசைப் பம்பையும் பாசனத்துக்குப் பரப்ப முனைந்தார். சாலைச் செம்மைப்படுத்தியவரே சாலுக்கு முடிவுகட்டும் இயந்திரத்தையும் கொண்டுவந்தார்.

எஞ்சின் வசதியுள்ளவர்களுக்கே கிட்டியது. மாட்டைப் பரவலாக விடுவித்தது மின்சாரம். இதில் தென்னார்க்காட்டுக்கு ஒரு வேடிக்கை உண்டு. நெய்வேலியில் நிலக்கரி இருப்பது தெரியவந்ததே 1930-களில் ஒரு நிலக்கிழார் தம் நிலத்தில் பாசனத்துக்காகக் கிணறு தோண்டியபோது நீரோடு கறுப்பாக ஏதோ வந்ததால்தான். 1956-இல் நிறுவனம் அமைந்து 1962-இல் மின் உற்பத்தி தொடங்கியது. கிணற்றில் கிடைத்த கரி மின்சாரமாகிக் கிணறுகளுக்கே திரும்பியது. 1950-களிலும் 60-களிலும் கம்பிகள் ஊர் ஊராக நடந்து வந்தன. ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்று ஒரு ஜோடி மாட்டின் ஒரு நாள் வேலையை ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டது. 1970-களின் கட்டண உயர்வு, அதை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவைப் பக்கம் எழுந்த உழவர் போராட்டங்கள், 1990-இல் எல்லா உழவர்க்கும் இலவச மின்சாரம் என்று பின்கதை நீளும். அது நண்பர்கள் அறிந்ததே.

தோட்டத்துக்கு என்ன ஆயிற்று என்பதே நமக்கு வேண்டியது. மாட்டின் மூச்சு வகுத்திருந்த இரண்டு ஏக்கர் எல்லை உடைந்தது. அதே கிணற்று நீர் இப்போது மார்கழிப் பட்டத்து இறவைக் கடலைக்கும் கரும்புக்கும் போகலாம். பின்னாளில் நெகிழித் தாள் விரித்த தர்ப்பூசணிக்கும் போயிற்று. திண்டிவனம், மரக்காணம் பகுதியில் பனிக்காலத்தில் ஊன்றும் விதைதான் பங்குனி வெயிலில் நெடுஞ்சாலை ஓரமெங்கும் சிவந்து கிடக்கிறது. நீர் பெருகியதும் காய்கறி மூலைக்குத் தள்ளப்பட்டது. பாறைக் கிணற்றின் அடியில் துளையிட்டார்கள், பிறகு கிணற்றை விட்டுவிட்டு ஆழ்துளைக்குப் போனார்கள்.

பாட்டும் நின்றது. இயந்திரத்துக்கு எண்ணத் தெரியும். 2008-ஐ ஒட்டித் தொடங்கிய கடும் மின்வெட்டு ஆண்டுகளில் மும்முனை மின்சாரம் நள்ளிரவில்தான் வந்தது. அப்போது கொட்டும் பனியில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மடை மாற்றியவர்கள் கைப்பேசியில் திரைப்பாட்டு வைத்துக்கொண்டார்கள். இருட்டியதும் வேலையை நிறுத்தும் உரிமை கம்பர் காலத்து ஏற்றக்காரருக்காவது இருந்தது.

இனி அந்தப் பெரிய கேள்வி. கிணறு யாருடையது?

1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலின் முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், அதற்கு முன் ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர் கல்விக்கான ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். ஆங்கிலக் கிராமங்களின் பொது வயல்கள் வேலியடைக்கப்பட்டுத் தனியார் கைக்குப் போன வரலாற்றை 1907-இல் நூலாக எழுதியவர். அந்த வேலியடைப்பின் மிச்சம்தான் இங்கிலாந்தின் துண்டுத் தோட்டங்கள். நிலமிழந்த ஏழைக்கு முட்டைக்கோசும் உருளையும் பயிரிட்டுக்கொள்ளச் சில சென்ட் நிலத்தைக் குறைந்த வாடகைக்கு ஒதுக்கும் ஏற்பாடு அது. 1845-இன் வேலியடைப்புச் சட்டம் அதற்கு இடம் வைத்தது. 1887, 1908 ஆண்டுகளின் சட்டங்கள் அதை உள்ளூராட்சியின் கடமையாக்கின. முழுதும் பறித்துக்கொண்டு ஒரு துண்டு திருப்பித் தந்தார்கள் என்று கசப்போடும் சொல்லலாம். ஆனால் அந்தத் துண்டுக்கு வானம் நீர் தந்தது. கிணற்றுக்காக யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

நம் பக்கத்தில் இதற்கு ஒப்பாகச் சொல்லத்தக்கது பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் தீண்டாமைக்குள்ளான மக்களின் நிலையைப் பற்றி 1891-இல் அளித்த அறிக்கையின் பேரில், 1892-இல் அரசு தரிசு நிலங்களை அவர்களுக்கு ஒதுக்க ஆணையிட்டது. வெளியாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. திண்டிவனத்தை அடுத்திருக்கும் மாவட்டத்தில் நடந்தது இது. நிபந்தனையை மீறி அந்நிலங்களுள் பல கைமாறிப் போயின. அவற்றை மீட்கக் கோரி 1994 அக்டோபரில் காரணை ஊரில் நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு இருவர் பலியானார்கள். நிலம் ஏன் கைமாறியது என்பதற்குக் கடன், மிரட்டல், ஏமாற்று என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றோடு நீரையும் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. தரிசு தந்தார்கள், கிணறு தரவில்லை. எங்கள் சீமையில் கிணறில்லாத நிலம் மழைக்காலத்தில் மட்டும் நிலம். மார்கழி நிறைவதற்குள் அதன் உரிமையாளர் கூலிக்குப் போய் அடுத்தவர் கிணற்றடியில் நிற்பார். ஏற்றம் மிதித்தவர்கள், கவலை ஓட்டியவர்களுள் பெரும்பாலோர் இப்படிப்பட்டவர்களும் நிலமே இல்லாத படியாட்களும்தாம்.

ஸ்லேட்டர் 1916-இல் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, கணக்கெடுத்து வரச் செய்தார். தூசி, கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, வடமலைபுரம் ஆகியவற்றோடு தென்னார்க்காட்டிலிருந்து இருவேல்பட்டும் அதில் இடம்பெற்றது. சடையப்பரின் திருவெண்ணெய்நல்லூருக்கு அருகிலுள்ள ஊர் அது. 1918-இல் நூல் வெளிவந்தது. 1936-37-இல் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் மறு ஆய்வுக்கு வழிசெய்து 1940-இல் வெளியிட்டார்கள். 1980-களின் தொடக்கத்தில் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டுக்குத் திரும்பப் போனார்கள். 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் போனார்கள். ஒரே ஊரை ஏறக்குறைய நூறாண்டுக் காலம் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்த்த இத்தகைய தொடர்ச்சி அரிது. கடைசிக் குழு கண்டதன் சாரம் இது: ஊர் இனி வேளாண்மையை மட்டும் நம்பி நிற்கவில்லை, பெருநிலக்காரர்களின் பிடி தளர்ந்திருக்கிறது, தலித் மக்கள் அவர்களை அண்டிப் பிழைக்க வேண்டிய நிலை பெரிதும் மாறியிருக்கிறது. கிளர்ச்சியால் ஒரே நாளில் வந்ததன்று இது. மெல்ல மெல்ல, ஆனால் திரும்பிப் பார்த்தால் பெரிதாகத் தெரியும் மாற்றம்.

இந்த ஆய்வுகளைப் படித்துவிட்டுச் சின்னாயாவின் தோட்டத்தில் நின்றபோது, கணக்கில் ஒரு வரி விடுபட்டிருப்பது போலிருந்தது. ஏற்றத்திலிருந்து ஆள் இறங்கியாயிற்று. கவலையிலிருந்து மாடு அவிழ்ந்தாயிற்று. ஏர்மாட்டுக்குப் பதில் டிராக்டர் வந்தாயிற்று. நின்று செய்த வேலைகள், பெரும்பாலும் ஆண்கள் செய்தவை, எல்லாம் இயந்திரத்துக்குப் போய்விட்டன. குனிந்து செய்த வேலைகள் அப்படியே இருக்கின்றன. களைக்கொட்டோடு பாத்தியில் குத்துக்காலிட்டு நகரும் பெண்கள் அன்றும் ஐந்து பேர் இருந்தார்கள். முள் நிறைந்த காம்போடு கத்தரியைத் திருகிப் பறிப்பது, கொத்தவரையை ஒவ்வொன்றாகக் கிள்ளுவது, கீரையை வேரோடு பிடுங்கிக் கட்டுக் கட்டுவது ஆகியவற்றுக்கு எந்த சாட்டர்ட்டனும் சோதனை செய்யவில்லை. அவர்கள் பாடுவதுமில்லை. இதற்கு முன்பும் அவர்கள் பாடியதை எந்தக் கவிஞரும் நின்று கேட்டதாகக் கதையில்லை.

அவர்கள் கூலியில் ஓர் அசைவு உண்டானதென்றால் அது 2006-க்குப் பிறகு. ஊரக வேலை உறுதித் திட்டம் அவ்வாண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் தொடங்கப்பட்டபோது முதற்கட்டமாக எடுத்துக்கொண்ட 200 மாவட்டங்களுள் விழுப்புரமும் ஒன்று. 1993-இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்தில், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதைப் பல பெண்கள் முதன்முதலாகக் கையில் வாங்கிப் பார்த்தது அந்த ஏரி வேலையில்தான். “களைக்கு ஆள் கிடைக்கல” என்று தோட்டக்காரர்கள் குறைப்பட்டுக்கொண்டதை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். ஆள் இருந்தார்கள், பழைய கூலிக்கு இல்லை. இதைச் சொன்னபோது சின்னாயா சிரித்தார். “நானும் கூலிக்கிப் போனவதான் தம்பி. இன்னிக்கி குடுக்கும்போது வலிக்கிது. அன்னிக்கி வாங்கும்போது பத்தல.” நில உரிமையாளரும் கூலியாளுமாக இருந்த ஒருவரின் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு ஈடான ஒரு பத்தியை நான் எந்த ஆய்வேட்டிலும் படித்ததில்லை.

பிற்பகலில் தரம் பிரிப்பார்கள். சொத்தைக் கத்தரி மாட்டுக்கு, சிறுத்தது வீட்டுக்கு, மற்றவை மூட்டைக்கு. முன்பு கட்டைவண்டியில் இரவெல்லாம் போய்ப் புதுச்சேரிப் பெரிய கடையில் இறக்கியதை அவர் தகப்பனார் சொல்லக் கேட்டிருக்கிறார். சென்னையில் கொத்தவால் சாவடி காய்கறி மொத்த வணிகம் 1996-இல் கோயம்பேட்டுக்கு மாறிய பிறகு, நெடுஞ்சாலையோரத்துத் தோட்டங்களுக்கு லாரிகளே வந்தன. உழவர் சந்தைகள் 1999-இல் தொடங்கப்பட்டன. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அவை வந்ததால், இரண்டு கூடை மட்டுமே இருப்பவர்களும் நேரே விற்க முடிந்தது. இரண்டு கூடைக்காரர்களில் பெண்களே அதிகம். விடியலில் எடையிட்டுப் போட வேண்டுமானால் முதல்நாள் மாலையே பறிக்க வேண்டும். அவர்களுக்குப் பகல் அங்கேயும் நீண்டது.

2024-இல் அந்தத் தோட்டத்துக்கு மார்கழியே வரவில்லை. நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கருகில் கரை கடந்த ஃபெஞ்சல் புயல் நகராமல் நின்று பெய்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் புரண்டு வந்து கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. இருவேல்பட்டு மக்கள் நிவாரணம் கேட்டு நெடுஞ்சாலையில் மறியல் செய்த செய்தியை நாளிதழில் பார்த்தபோது, ஸ்லேட்டரின் ஊர் என்று நினைத்துக்கொண்டவர்கள் எத்தனை பேரோ தெரியாது. சின்னாயாவின் பாத்திகள் வண்டலில் மூடிப்போயின. பரங்கிக்கொடி அழுகிற்று. அந்த மாதம் அவர் வீட்டுக் கோலத்தில் கடையில் வாங்கிய செவ்வந்தி இருந்தது.

நான் போய் ஒரு நாள் இருந்தது அதற்கு அடுத்த மார்கழியில். பாத்தி திரும்பக் கட்டியிருந்தார்கள். சாயங்காலம் மோட்டாரை நிறுத்தியதும் வாய்க்காலில் மீந்த நீர் கடைசிப் பாத்தி வரை போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. களையெடுத்த பெண்கள் அந்த நீரில் கைகால் கழுவிக்கொண்டு, ஆளுக்கு ஒரு பிடி கீரை வாங்கிக்கொண்டு போனார்கள். இருட்டத் தொடங்கியிருந்தது. பனி இறங்குவதற்குள் உள்ளே வரச் சொல்லிச் சின்னாயா குரல் கொடுத்தார்.